பழைய மாருதி 800-ல் புதுச் சத்தம்: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோய் "என்ஜின்ல ஏதோ சத்தம் வருது" என்று மட்டும் சொன்னால், அப்புறம் நடப்பதெல்லாம் அந்த மெக்கானிக்கின் பொறுமையைப் பொறுத்தது. பொறுமைசாலி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார். அவசரக்காரர் வால்வு இடைவெளியை வைக்கும் டேப்பட்டை இறுக்குவார், பெல்ட்டை மாற்றுவார், அதிலும் போகவில்லையென்றால் "என்ஜினை இறக்கணும் சார்" என்பார். அதையே "காலையில முதல் ஸ்டார்ட்ல வருது, சூடானதும் போயிடுது, ஏசி போட்டா மாறலை" என்று சொல்லிப் பாருங்கள். பாதிச் சந்தேகங்கள் அங்கேயே விலகிவிடும். சத்தத்தை வர்ணிக்க வார்த்தை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அது எப்போது வருகிறது, எதோடு சேர்ந்து கூடிக் குறைகிறது என்று தெரிந்தால் போதும்.

உதாரணத்துக்கு மாருதி 800-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஹெட்டுக்கு மேலே வால்வுகளைத் திறக்கும் ஒரே கேம்ஷாஃப்ட், அதை ஓட்டும் டைமிங் பெல்ட். பானட்டைத் திறந்தால் முக்கால்வாசிப் பொருட்கள் கைக்கு எட்டும். கார்புரேட்டர் வண்டி, பின்னால் வந்த, இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டி இரண்டுக்கும் இது பொருந்தும். பழைய ஜென், சான்ட்ரோ வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் இப்படியே பார்க்கலாம். டைமிங் செயின் உள்ள வண்டிகளைப் பற்றித் தேவையான இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். மூன்று சிலிண்டர் என்ஜின் ஐடிலிங்கில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். நான்கு சிலிண்டர் வண்டியிலிருந்து இதற்கு மாறியவர்கள் அந்த ஆட்டத்தையே கோளாறு என்று நினைத்து, என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கை மாற்றிவிடுகிறார்கள். எம்பிஎஃப்ஐ வண்டியில் இன்ஜெக்டர்கள் திறந்து மூடும் மெல்லிய டிக்டிக்கும் இயல்பானதுதான்.

உடனே நிறுத்த வேண்டிய சத்தம்

மற்ற எதையும் படிப்பதற்கு முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் விளக்கு எரிந்து, கூடவே டொக் டொக் என்று அடித்தால், ஓரங்கட்டி அங்கேயே என்ஜினை அணைத்துவிடுங்கள். "பக்கத்துலதானே ஷெட்" என்று ஓட்டாதீர்கள். ஆயில் பிரஷர் இல்லாமல் பேரிங்கும், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க்கும் இரும்போடு இரும்பு உரசினால் சில நிமிடங்களில் கிராங்க் கெட்டுவிடும். டோ செய்யும் செலவு, கிராங்க்கை லேத்தில் கொடுத்துக் கடையும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டிருந்தாலும் இதேதான். அப்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

பானட்டைத் திறப்பதற்கு முன்

வண்டி சமதரையில், நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு நிற்க வேண்டும். மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிட வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. துண்டு, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள், வேட்டி என்றால் மாற்றிக்கொண்டு வாருங்கள். ரேடியேட்டர் ஃபேன் மோட்டாரில் ஓடுவது. சும்மா நிற்கிறதே என்று கையை விட்டால், தண்ணீர் சூடேறிய கணத்தில் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும்.

தேவைப்படுபவை நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று, ஒரு மீட்டர் ரப்பர் ட்யூப், டார்ச், போன். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது.

முதல் படி: ஆயில்

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி முழுக்க விட்டு எடுங்கள். இந்த என்ஜின் குடிப்பதே ஏறக்குறைய மூன்று லிட்டர்தான். அதில் அரை லிட்டர் குறைந்தாலே பெரிய குறை. முதலில் குரல் கொடுப்பது மேலே இருக்கும் டேப்பட்.

அளவோடு நிறுத்திவிடாமல் ஆயிலை விரலில் தேய்த்தும் பாருங்கள். பெட்ரோல் வாசனையோடு தண்ணீராக ஓடினால் கார்புரேட்டர் அதிகமாக ஊற்றுகிறது அல்லது ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால் கலந்த மாதிரி கெட்டியாக இருந்தால் தண்ணீர் கலக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். தினம் ஒரு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் தங்கியும் இது வரும். ஆகவே டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருக்கிறதா, ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று பார்த்தபிறகே, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் பக்கம் போக வேண்டும்.

சத்தம் எப்போது ஆரம்பித்தது? ஆயில் மாற்றியதற்கு அடுத்த நாளா? அப்படியென்றால் ஊற்றிய கிரேடையும் போட்ட ஃபில்டரையும் கேளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒன்றிரண்டு விநாடி மட்டும் கடகடவென்று அடித்து அடங்கினால், பல நேரம் காரணம் மலிவு ஃபில்டர்தான். நல்ல ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். அது சரியில்லையென்றால் ராத்திரியில் ஆயில் முழுக்கக் கீழே இறங்கி, காலையில் மேலே ஏறிவர நேரம் எடுக்கும். ஃபில்டரை மாற்றிப் பார்ப்பது மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய சோதனை. டைமிங் செயின் உள்ள வண்டியில், உதாரணத்துக்கு ஸ்விஃப்ட் டீசலில், இதே காலை நேரக் கடகடப்பு, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரிலிருந்தும் வரலாம். ஃபில்டர் மாற்றியும் போகவில்லையென்றால் அங்கே தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாம் படி: சத்தம் என்ஜினில்தான் வருகிறதா?

வண்டி நிற்கும்போது நியூட்ரலில் மெதுவாக ரேஸ் செய்யுங்கள். சத்தமும் கூடவே வேகமெடுத்தால் அது என்ஜின் அல்லது என்ஜினோடு சேர்ந்து சுற்றும் பொருள். நிற்கும்போது ஒன்றுமே இல்லை, ஓடினால் மட்டும் வருகிறது என்றால், ஆள் இல்லாத சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். சாவியை மட்டும் அணைக்கக் கூடாது. என்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் மாறாமல் இருந்தால் அது சக்கரப் பக்கம். வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டக் டக் என்றால் முன் ஆக்சில் ஜாயின்ட். வேகத்தோடு ஏறும் ஊங்காரம், லேசாக இடம் வலம் அசைக்கும்போது மாறினால் வீல் பேரிங்.

கிளட்சையும் ஒருமுறை மிதித்துப் பாருங்கள். மிதித்ததும் கரகர என்று ஆரம்பித்தால் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் நின்று, விட்டதும் வந்தால் கியர்பாக்ஸ் பேரிங். "என்ஜின் சத்தம்" என்று வருகிற பலவற்றுக்கு இந்த ஒரு மிதியில் விடை கிடைத்துவிடும்.

அப்புறம் சைலன்சர் லைனின் மேல் இருக்கும் தகரத் தடுப்பு. ஒரு போல்ட் துருப்பிடித்து விழுந்துவிட்டால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஜிர்ர்ர் என்று அதிரும், கொஞ்சம் கூட்டினால் நின்றுவிடும். என்ஜினை அணைத்து, எல்லாம் நன்றாக ஆறியபின் கையால் தட்டிப் பாருங்கள். ஏர் ஃபில்டர் டப்பா கிளிப், பேட்டரி கிளாம்ப், நம்பர் பிளேட் இவற்றையும் ஒரு தட்டு தட்டிவிட்டு மேலே போங்கள்.

மூன்றாம் படி: தாளத்தை எண்ணுவது

கேம்ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. ஆகவே ஒரு வால்விலிருந்து வரும் சத்தம் பாதித் தாளத்தில் வரும். கிராங்க்கோடு சேர்ந்த அடி பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் வரும்.

ஐடிலிங் நிமிடத்துக்கு 850 சுற்று என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்குக் கிராங்க் 14 முறை, கேம் 7 முறை. இதைக் காதால் எண்ண முடியாது. போனில் பதிவு செய்து, நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிடுங்கள். மெதுவாக ஓடும் அந்தப் பதிவில் பத்து விநாடிக்கு ஏறக்குறைய 18 அடி விழுந்தால் கேம் தாளம், 35 விழுந்தால் கிராங்க் தாளம். 800-ல் ஆர்பிஎம் மீட்டர் இல்லாததால் எண்ணிக்கை துல்லியமாக வராது. ஆனால் பதினெட்டுக்கும் முப்பத்தைந்துக்கும் உள்ள தூரம் பெரிது, குழப்பம் வராது.

கேம் தாளம் என்றால் சந்தேகப் பட்டியல்: டேப்பட், கேம் தள்ளுவதை வால்வுக்குக் கடத்தும் ராக்கர், ஒரே சிலிண்டரில் கசியும் எக்ஸாஸ்ட் பேக்கிங், லூசான ஸ்பார்க் பிளக். கார்புரேட்டர் வண்டியில் கேமோடு ஓடும் பெட்ரோல் பம்பும் சேரும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டேப்பட் தளர்ந்திருந்தால் அடிகள் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காம் படி: இடத்தைக் குறுக்குவது

ஸ்க்ரூடிரைவரின் முனையை ஒரு போல்ட்டின் தலையில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்துங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் முனை நழுவாத மாதிரி நில்லுங்கள். முதலில் நல்ல இடத்தின் சத்தம் பழக வேண்டும். ராக்கர் கவர், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பிளாக்கின் நடுப்பகுதி, அடியில் ஆயில் தங்கும் சம்ப் என்று வரிசையாக வைத்துக் கேளுங்கள். ஆல்டர்னேட்டர் பேரிங் போயிருந்தால் வெளியே லேசாகக் கேட்ட கரகரப்பு ஸ்க்ரூடிரைவர் வழியே காதைக் கிழிக்கும்.

ஒரு எச்சரிக்கை. இரும்பில் சத்தம் பயணம் செய்யும். ராக்கர் கவரில் கேட்கிறது என்பதாலேயே கோளாறு அங்கே என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்து இடங்களைவிட அங்கே தெளிவாக அதிகம் கேட்கிறதா என்று ஒப்பிட்டால்தான் பயன்.

காற்று கசியும் உஸ் சத்தத்துக்கு ரப்பர் ட்யூப். ஒரு நுனியைக் காதோரம் பிடித்து, மறு நுனியை மேனிஃபோல்டு, ஹோஸ் இணைப்புகளைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். கசியும் இடத்துக்கு நேராக வந்ததும் பளிச்சென்று தெரியும். பெட்ரோல் தெளித்துப் பார்க்கும் வழக்கம் சில ஷெட்களில் இன்னும் இருக்கிறது. சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் அதைச் செய்ய அனுமதிக்காதீர்கள்.

இனி ஒவ்வொரு சத்தமாக

*கீச் சத்தம்.* மழைக்காலக் காலையில், ஹெட்லைட் போட்டதும் கீச்சென்று கத்தினால், ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஓட்டும் வெளி பெல்ட், டைமிங் பெல்ட் அல்ல. ஓடும் பெல்ட்டின் உட்புறத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது, டென்ஷன் வைக்க வேண்டும். சிறிது நேரம் அடங்கிவிட்டுத் திரும்ப வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. இந்த இரண்டாவது வகையில் புது பெல்ட் போட்டாலும் சில வாரங்களில் மறுபடி கத்தும்.

பெல்ட்டா, அது ஓட்டும் பொருளா என்ற சந்தேகம் வந்தால் என்ஜின் ஆறியிருக்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஸ்டார்ட் செய்யலாம். வாட்டர் பம்ப் ஓடாது என்பதால் அதற்குமேல் வேண்டாம். சத்தம் போய்விட்டதா? என்ஜினை அணைத்துவிட்டு, ஆல்டர்னேட்டர் புல்லியையும் வாட்டர் பம்ப் புல்லியையும் கையால் சுற்றி, ஆட்டிப் பாருங்கள். கரகரப்பு விரலுக்கே தெரியும். வாட்டர் பம்ப் ஆடினால், அடியில் உள்ள சின்னத் துளையருகே தண்ணீர்க் கறை இருக்கும். ஏசி போட்டால் மட்டும் வரும் சத்தம் கம்ப்ரஸருடையது. ஏசி அணைத்திருக்கும்போது வந்து, போட்டதும் நின்றால் அது கம்ப்ரஸர் கிளட்ச்சின் பேரிங்.

*மேலே டிக்டிக்.* பழைய 800-ல் அதிகம் கேட்பது இதுதான், அதிகம் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான். டேப்பட் இடைவெளி தேயத் தேயக் கூடும், சத்தம் வரும். ராக்கர் நுனியில் உள்ள ஸ்க்ரூவையும் லாக் நட்டையும் தளர்த்தி, இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்வார்கள். பெரும்பாலான 800-ல் மொத்தம் ஆறு வால்வுதான், தெரிந்தவருக்குப் பெரிய வேலை இல்லை. மேனுவலில் குளிர்ந்த என்ஜினுக்கு ஒரு அளவும் சூடான என்ஜினுக்கு வேறு அளவும் இருக்கும். மெக்கானிக் எந்த நிலையில் வைக்கிறாரோ அதற்குரிய அளவைத்தான் வைக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சத்தம் அடியோடு போக வேண்டும் என்று கேட்காதீர்கள். கேஜ் இல்லாமல் "காதாலேயே வைக்கிறேன்" என்று இறுக்கிவிட்டால் என்ஜின் அருமையாக அமைதியாகிவிடும். ஆனால் சூடேறியதும் எக்ஸாஸ்ட் வால்வு முழுக்க மூடாமல் நிற்கும். மூடிய நிலையில்தான் வால்வு தன் சூட்டை ஹெட்டுக்குக் கொடுத்து ஆறுகிறது. அது நடக்காவிட்டால் வால்வின் விளிம்பு எரிந்து, மிஸ் அடிக்க ஆரம்பித்து, ஹெட்டை இறக்க வேண்டி வரும். எல்பிஜி போட்டு ஓட்டிய வண்டியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அங்கே வால்வு சீட் தேய்ந்து வால்வு மேலேறுவதால் இடைவெளி தானாகவே குறையும். எல்பிஜி ஓடிய 800-ன் டேப்பட் வரவர அமைதியாகிறது என்றால் சந்தோஷப்படாமல் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

டேப்பட் சரியாக வைத்தும் டிக்டிக் இருக்கிறதா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங்கைப் பாருங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் பலமாகக் கேட்டு, இரும்பு விரிந்து இடைவெளி அடைபட்டதும் குறைவது இதன் குணம். ஏறும்போது, அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கூடும். கசியும் இடத்தில் கரி படிந்த கருப்புக் கோடு இருக்கும். டேப்பட்டுக்கு இந்தச் சுமை வித்தியாசம் அவ்வளவு தெரியாது.

*நாக்கிங்.* நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டு திடீரென்று மிதிக்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ, தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல் சலசலவென்று வரும். பெட்ரோல் சரியான நேரத்துக்கு முன்பே தானாக வெடித்து எரிவதால் வருவது. கார்புரேட்டர் வண்டியில் இதைக் கண்டுபிடிக்கும் சென்சார் கிடையாது, உங்கள் காதுதான் சென்சார். டிஸ்ட்ரிபியூட்டரில் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், முன்னால் வைத்திருக்கிறதா, என்ஜின் சூடு அதிகமாகிறதா, பிஸ்டன் தலையில் கார்பன் படிந்திருக்கிறதா என்று அந்த வரிசையில் பார்க்கலாம். கியரை ஒன்று இறக்கினால் போகிறதா? அப்படியென்றால் முதலில் ஓட்டும் முறையைத் திருத்துங்கள். தொடர்ந்து நாக்கிங்கோடு ஓட்டினால் பிஸ்டனும் ஹெட் கேஸ்கட்டும் அடிவாங்கும்.

*குளிரில் மட்டும் வெற்றுக் குடத்தைத் தட்டியதுபோன்ற தடதடப்பு.* ஸ்டார்ட் செய்தவுடன் வந்து, ஐந்து நிமிடம் ஓடியதும் மறைந்தால் பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆடுகிறது. சூடானதும் பிஸ்டன் விரிந்து இடைவெளி அடைகிறது. ஆயில் குடிக்கவில்லை, நீலப் புகை இல்லை என்றால் இப்படியே நீண்ட காலம் ஓடும். இதற்காக மட்டும் என்ஜினை இறக்குவது என் பார்வையில் வீண் செலவு.

*கீழே டொக் டொக்.* இதுதான் பயப்பட வேண்டியது. என்ஜினை நன்றாகச் சூடாக்கி, மெதுவாக ரேஸ் செய்து, சட்டென்று ஆக்சிலரேட்டரை விடுங்கள். விட்ட அந்தக் கணத்தில் டடடடக் என்று உருண்டால், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங். குளிரில் குறைவாகவும், ஆயில் இளகியபின் அதிகமாகவும் கேட்கும். பிஸ்டன் சத்தத்துக்கு நேர் எதிர். இன்னும் கனமாக, சுமை ஏறும்போது தரை அதிர்கிற மாதிரி வந்தால் கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங். இந்தச் சோதனையை ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம்.

எந்தச் சிலிண்டர் என்று தெரிய, மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பார். எம்பிஎஃப்ஐ வண்டியில் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுவதே நல்ல வழி. பிளக் வயரைப் பிடுங்கினால் ஷாக் அடிக்கும், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போகும். கார்புரேட்டர் வண்டியில் வேறு வழியில்லை, வயரைக் கழற்றி பாடியோடு எர்த் செய்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் அடி பளிச்சென்று குறைந்தால் அந்த ராடு. எதை நிறுத்தினாலும் டிக்டிக் மாறவில்லையென்றால் அது டேப்பட் பக்கம்.

ஷெட்டில் கேட்க வேண்டியது

"என்ஜினை இறக்கணும்" என்ற வார்த்தை வந்தால், அதற்கு முன் இரண்டு சோதனையைக் கேளுங்கள். ஒன்று, ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டி, சூடான என்ஜினில் பிரஷர் பார்ப்பது. ஆயில் விளக்கு எரியவில்லை என்பது போதாது. பிரஷர் மிகவும் கீழே போனால்தான் அந்த விளக்கு எரியும். இரண்டு, மூன்று சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள். ஒன்று மட்டும் தனியாக விழுந்திருந்தால், அந்தச் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். வால்வு என்றால் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும்.

ஆயிலை வடிக்கும்போது பக்கத்தில் நின்று வெளிச்சத்தில் பாருங்கள். மின்னும் துகள் இருந்தால் காந்தம் வைக்கச் சொல்லுங்கள். ஒட்டினால் எஃகு, அதாவது கேம், ராக்கர், கியர் பக்கம். ஒட்டாமல் மின்னினால் பேரிங் ஷெல்லின் உலோகமாக இருக்கலாம், அப்போது சம்பைக் கழற்றிப் பார்ப்பதில் தவறில்லை.

டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், கவர் திறந்திருக்கும் அதே நேரத்தில் அதையும் டென்ஷனரையும் மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுவதற்கு முன் பெரும்பாலும் சத்தமே வராது. டென்ஷனர் பேரிங் மட்டும்தான் சில சமயம் ஊளையிட்டு எச்சரிக்கும்.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். ராடு பேரிங் மாற்றினார்கள் என்றால் ஷெல்லைத் திருப்பி உட்புறத்தைப் பாருங்கள். நல்லது சீராகச் சாம்பல் நிறத்தில் இருக்கும். செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் மேல் பூச்சு தேய்ந்துவிட்டது. சுற்றிலும் கோடு கோடாகக் கீறியிருந்தால் ஆயிலில் குப்பை ஓடியிருக்கிறது. அப்படியென்றால் சம்பையும், அதற்குள் இருக்கும் ஆயில் பம்ப் சல்லடையையும் கழுவினார்களா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.